கணக்குப் புதிர்களும் தர்க்கப் புதிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, வாரம் ஒரு புதிரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு விடுவித்து வருகிறோம். பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அதிகம் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். விடைகளை மறைக்கவில்லை, தாமே முயல விரும்புகிறவர்கள் புதிரைப் படித்தவுடன் நிறுத்தித் தாளை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குன்னாலே எனக்கு ஆகாது. நான் இதுக்கு வரலாமா?

வரலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் தெரிந்து, நினைப்பதைத் தாளில் எழுதும் பழக்கமும் இருந்தால் இங்கே பேசப்போகும் புதிர்கள் எல்லாவற்றுக்கும் போதும். பள்ளியில் முதலில் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கைக் கொடுப்பார்கள். புதிரிலோ முறை எது என்பதே கேள்வி. அதனால்தான் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை "இதுக்கு எந்தச் சூத்திரம்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, கணக்கே வராது என்று சொல்லிக்கொண்டு வந்த பாட்டி விடையோடு எழுந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விடுகதையும் புதிரும் ஒண்ணுதானே?

இரண்டும் மூளைக்கு வேலை கொடுப்பவைதான், ஆனால் வேலை வேறு. "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்றால் நெற்பயிர் என்று சொல்ல, வயலையும் வைக்கோலையும் நெல் கொட்டிவைக்கும் குதிரையும் அறிந்திருக்க வேண்டும். தர்க்கப் புதிரில் வேண்டியது அனைத்தும் புதிருக்குள்ளேயே இருக்கிறது; வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை, கொண்டுவரவும் கூடாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விடுகதைக்கு விடை பொருந்தினால் போதும். புதிருக்கு அந்த விடையைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது என்றும் காட்ட வேண்டும். எங்கள் கூட்டத்தில் விடையை மட்டும் சொல்லிவிட்டு உட்காருபவரை மறுபடியும் எழுப்பி "வேறு ஏன் இருக்க முடியாது?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். சிலருக்கு இது வீண்வம்பாகப் படுகிறது. கீழே உள்ள பல பதில்கள் அவர்களுக்காக எழுதப்பட்டவை.

முதல்ல எதை எடுத்துப் பார்க்கலாம்?

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் படகோட்டியோடு ஒன்றுக்குத்தான் இடம். ஆளில்லாமல் விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இங்கிலாந்து அறிஞர் ஆல்குயின் பெயரால் வழங்கும் லத்தீன் தொகுப்பில் இதுவே ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று வருகிறது. ஆல்குயின் இறந்தது 804இல் என்பதால் புதிரின் வயதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஆட்டை அக்கரை சேர்த்துவிட்டு வெறும் படகோடு திரும்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அடுத்து புலியைக் கொண்டுபோனாலும் புல்லைக் கொண்டுபோனாலும் அக்கரையில் ஆபத்து என்று கண்டவுடன் பாதிப்பேர் முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டைத் திரும்பவும் இக்கரைக்குக் கொண்டுவருவதுதான் வழி: ஆடு போக, புலி போக, ஆடு திரும்ப, புல் போக, கடைசியில் மீண்டும் ஆடு போக, இடையில் இருமுறை வெறும் படகு திரும்ப, ஆக 7 பயணம். செய்ததைக் கலைக்க மனம் வராததுதான் இங்கே தடை. கணக்கு அறிவுக்கு இதில் பங்கே இல்லை.

எவ்வளவு நேரம் பார்த்துட்டு விடையைப் பார்க்கலாம்?

நேரக்கணக்கு எதையும் நான் சொல்வதில்லை. புதிய யோசனை எதுவும் தோன்றாமல் அதே யோசனை மூன்றாவது முறையாக வந்தால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த நாள் எடுங்கள். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மீதியைக் கையால் மறைத்துக்கொள்வது நல்லது. முழு விடையையும் படித்துவிட்டால் "இவ்வளவுதானா" என்று தோன்றுமே தவிர, அதே வகைப் புதிர் மறுபடி வந்தால் கை ஓடாது.

ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்க்கிறது தப்பா?

தப்பில்லை, எதையும் விடாமல் போட்டுப் பார்த்தால் அது முழுமையான நிரூபணமே. ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். கணக்கெடுக்க வந்தவரிடம் ஓர் அம்மா சொல்கிறார்: "எனக்கு மூன்று பெண்கள். வயதுகளைப் பெருக்கினால் 36. கூட்டினால் எதிர்வீட்டுக் கதவிலக்கம் வரும்." அவர் எதிர்வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, "இது போதவில்லையே" என்கிறார். "மூத்தவள் பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள்" என்கிறார் அம்மா. உடனே அவர் மூன்று வயதையும் எழுதிக்கொண்டு போய்விடுகிறார். வயதுகள் என்ன?

கதவிலக்கம் நமக்குத் தெரியாது என்பதால் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெருக்கினால் 36 வரும் மூன்று எண்களை வரிசையாக எழுதுங்கள், பக்கத்தில் கூட்டுத்தொகையையும் எழுதுங்கள். 1, 1, 36 கூட்டினால் 38. 1, 2, 18 கூட்டினால் 21. 1, 3, 12 என்றால் 16. 1, 4, 9 என்றால் 14. 1, 6, 6 என்றால் 13. 2, 2, 9 என்றாலும் 13. 2, 3, 6 என்றால் 11. 3, 3, 4 என்றால் 10. மொத்தம் 8 வழிகள்தான். கதவிலக்கம் 13 தவிர வேறு எதுவாக இருந்திருந்தாலும் கணக்கெடுக்க வந்தவர் அங்கேயே விடையை எழுதியிருப்பார். அவர் "போதவில்லை" என்று சொன்னதே கதவிலக்கம் 13 என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. மூத்தவள் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பதால் 2, 2, 9.

ஒருமுறை கரும்பலகையில் நானே 1, 6, 6 என்பதை விட்டுவிட்டு 7 வழிகளோடு நிறுத்தினேன். 13 ஒரே முறைதான் வந்தது, ஆகவே புதிரே பிழை என்று அறிவித்தும்விட்டேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு வரிசை பிசகாமல் எழுதினால் விட்டுப்போகாது என்று சொல்லித் திருத்தினாள்.

இரட்டைக் குழந்தைகள்லயும் ஒருத்தி அஞ்சு நிமிஷம் மூத்தவள்தானே? அப்போ 1, 6, 6 ஏன் கூடாது?

நியாயமான ஆட்சேபம், ஆறு வயதுக்காரிகள் இருவரில் ஒருத்தி மூத்தவள் என்று வைத்துக்கொண்டால் புதிருக்கு ஒரே விடை கிடைக்காது. ஆனால் முந்தைய பதிலில் கணக்கெடுக்க வந்தவர் மூத்தவளைப் பற்றிக் கேட்டதும் எழுதிக்கொண்டு போனார் என்று இருக்கிறதே, அதையும் தகவலாகக் கொள்ள வேண்டும். அவருக்கு ஐயம் தீர்ந்தது என்றால் "மூத்தவள்" என்ற சொல்லை முழு ஆண்டுக் கணக்கில்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். புதிரின் பாத்திரங்கள் பேசுவதைப் போலவே அவர்கள் பேசாமல் போவதும் தகவல்தான். புதிர் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக எழுதலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்துக்குப் பதிலா எண் போடுற கூட்டல் தமிழ்ல வருமா?

தாராளமாக வரும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். ஒரே எழுத்துக்கு எங்கும் ஒரே இலக்கம். வெவ்வேறு எழுத்துக்கு வெவ்வேறு இலக்கம். எண்ணின் முதல் இலக்கம் 0 ஆகக் கூடாது. எளியது இது: மா + மா + மா = ராமா. மூன்று மடங்காக்கியும் கடைசி இலக்கம் மாறாத எண்கள் 0, 5 இரண்டுதான். 0 முதலில் வரக் கூடாது, எனவே மா என்பது 5, ராமா என்பது 15.

அடுத்தது: சிவ + வசி = வாசிவா. இரண்டு ஈரிலக்க எண்களைக் கூட்டினால் 200ஐத் தாண்டாது, ஆகவே வா என்பது 1. ஒன்றாம் இடத்தில் வ, சி இரண்டையும் கூட்டினால் 1இல் முடிய வேண்டும். இரண்டும் 0 அல்ல என்பதால் கூட்டுத்தொகை 1 ஆக முடியாது, 11தான். மீதி 1ஐச் சேர்த்தால் பத்தாம் இடத்தில் 12 வருகிறது, ஆகவே சி என்பது 2, வ என்பது 9. சரிபார்த்தால் 29 + 92 = 121. இதில் எந்தப் படியிலும் நாம் ஊகிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு விடை இல்லை என்பதும் அதனாலேயே உறுதியாகிறது.

வ, வா ரெண்டும் ஒரே எழுத்து இல்லையா? கால் தனி எழுத்தா?

தமிழ் இலக்கணப்படி வ ஓர் எழுத்து, வா வேறோர் எழுத்து. துணைக்கால் தனி எழுத்தல்ல. ம் போன்ற புள்ளியெழுத்தும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும். அதனால் "அம்மா" மூன்றிலக்க எண். கணினியில் எழுத்தை எண்ணச் சொன்னால் சில நிரல்கள் "அம்மா"வை ஐந்தாகக் காட்டும், ஏனென்றால் அவை புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணுகின்றன. கணினியை நம்பிப் புதிர் அமைத்தவர்கள் இங்கே சறுக்கியிருக்கிறார்கள்.

மாயச் சதுரத்துல நடுவுல 5 தான் வரணும்னு யார் சொன்னது?

யாரும் சொல்லத் தேவையில்லை, கணக்கே சொல்கிறது. 1 முதல் 9 வரையுள்ள எண்களை மூன்றுக்கு மூன்று கட்டங்களில், கிடையாகவோ செங்குத்தாகவோ மூலைவிட்டமாகவோ எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரும்படி நிரப்புவதே மூன்று கட்ட மாயச் சதுரம். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. மூன்று வரிசை என்பதால் ஒவ்வொரு வரிசைக்கும் 15. நடுக்கட்டத்தின் வழியாக நான்கு கோடுகள் செல்கின்றன: ஒரு கிடைவரிசை, ஒரு செங்குத்து வரிசை, இரண்டு மூலைவிட்டங்கள். நான்கையும் கூட்டினால் 60. அந்தக் கூட்டலில் எல்லாக் கட்டங்களும் ஒருமுறை வந்து, நடுக்கட்டம் மட்டும் மூன்று முறை கூடுதலாக வருகிறது. 60இல் 45 போக மீதி 15 என்பது நடு எண்ணின் மும்மடங்கு, ஆகவே அது 5.

மூலையில் 9 ஏன் வராது என்பதையும் இப்படியே காணலாம். மூலைக்கட்டம் மூன்று கோடுகளில் இருக்கிறது, ஆனால் 9ஐ வைத்து 15 ஆக்க 9, 5, 1 என்றும் 9, 4, 2 என்றும் இரண்டே வழிகள்தான் உள்ளன. இப்படியே தொடர்ந்தால் 2, 7, 6 என்றும், 9, 5, 1 என்றும், 4, 3, 8 என்றும் மூன்று வரிசைகள் கிடைக்கும். திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் கிடைப்பவை தவிர வேறு இல்லை.

நான்கு கட்டச் சதுரத்துக்குக் கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளதை எழுதிப் பாருங்கள்: 7, 12, 1, 14, அடுத்த வரிசை 2, 13, 8, 11, அடுத்து 16, 3, 10, 5, கடைசியில் 9, 6, 15, 4. எந்தப் பக்கம் கூட்டினாலும் 34. அது மட்டுமல்ல, ஒட்டியுள்ள எந்த நான்கு கட்டங்களைச் சதுரமாக எடுத்தாலும் 34தான். இத்தகைய சதுரங்களை அமைக்கும் முறைகளை நாராயண பண்டிதர் 1356இல் எழுதிய கணித கௌமுதியில் விரிவாகத் தந்திருக்கிறார்.

ராமானுஜன் கேட்ட உடனே விடை சொல்லிட்டாராம். நமக்கெல்லாம் எப்படி வரும்?

நீங்கள் சொல்லும் நிகழ்ச்சி 1914 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் நடந்தது. ஸ்ட்ராண்ட் என்ற இதழில் வந்த புதிரை நண்பர் மகலனோபிஸ் படித்துக் காட்ட, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே ராமானுஜன் பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தப் புதிருக்கு மட்டுமல்லாமல் அதே வகையில் முடிவில்லாமல் வரும் எல்லா விடைகளுக்கும் அது பொருந்தியது. புதிர் இதுதான்: ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டின் இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ். அந்த வீட்டின் எண் என்ன?

நமக்குத் தொடர் பின்னம் வேண்டாம், பொறுமை போதும். இடப்புறக் கூட்டுத்தொகை வலப்புறத்துக்குச் சமம் என்பதை ஒழுங்குபடுத்தினால், மொத்த வீடுகளின் எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால் நம் வீட்டு எண்ணின் வர்க்கம் வர வேண்டும் என்றாகிறது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1 தவிரப் பொதுக் காரணி கிடையாது. எனவே அவற்றில் ஒன்று வர்க்க எண்ணாகவும், மற்றது ஒரு வர்க்கத்தின் இருமடங்காகவும் இருந்தே ஆக வேண்டும். 50க்கும் 500க்கும் இடையில் வர்க்கங்களின் இருமடங்குகள் 72, 98, 128, 162, 200, 242, 288, 338, 392, 450 என்று பத்தே எண்கள். இவற்றில் எதற்கு முன்னோ பின்னோ வர்க்க எண் இருக்கிறது? 288க்கு அடுத்த 289 மட்டுமே. அது 17இன் வர்க்கம். 288 என்பது 12இன் வர்க்கத்தின் இருமடங்கு. 12ஐ 17ஆல் பெருக்கினால் 204. தெருவில் 288 வீடுகள், நம் வீடு 204ஆம் எண்.

ராமானுஜனுக்கு ஒரு கணம் ஆனது, எங்கள் கூட்டத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆனால் வேறு விடை இல்லை என்பதில் எங்களுக்கும் அவ்வளவே உறுதி இருந்தது.

பொய்யர், மெய்யர் புதிர்ல எங்கே ஆரம்பிக்கிறது?

மெய்யர் எப்போதும் உண்மையே பேசுவார், பொய்யர் எப்போதும் பொய்யே பேசுவார். ஒருவர் தம் நண்பரைக் காட்டி "நாங்கள் இருவருமே பொய்யர்கள்" என்கிறார். அவரை மெய்யர் என்று வைத்துப் பாருங்கள்: அவர் சொன்னது உண்மையாகி, அவரே பொய்யர் என்றாகிவிடும். முரண்படுவதால் அவர் பொய்யர்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "இருவரும் பொய்யர்" என்பது பொய் என்றால் "இருவரும் மெய்யர்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பொய் என்பதற்கு, இருவரில் ஒருவராவது மெய்யர் என்று மட்டுமே பொருள். பேசியவர் பொய்யர் என்று ஏற்கெனவே கண்டோம். எனவே நண்பர் மெய்யர்.

முடியவே முடியாத புதிரைக் கொடுத்து ஏமாத்துறாங்களே, அதுல நேரம் வீணாகாதா?

முடியாது என்று காட்டினால் அதுவே விடை. சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 62 கட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கட்டங்களை மூடும் 31 அட்டைகளால் பலகையை மூட முடியுமா? எத்தனை நாள் அடுக்கினாலும் முடியாது. அட்டையைக் கிடையாக வைத்தாலும் நெட்டாக வைத்தாலும் அது ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். வெட்டிய மூலைகளோ இரண்டும் ஒரே நிறம். மீந்தவை ஒரு நிறத்தில் 32, மறு நிறத்தில் 30.

இதே நிற உத்தி 15 கட்டைப் புதிருக்கும் உதவுகிறது. 16 இடமுள்ள தட்டில் 1 முதல் 15 வரை எழுதிய கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். 14, 15 இரண்டும் மட்டும் இடம் மாறியிருக்கும் நிலைக்கு அமெரிக்கப் புதிர் ஆசிரியர் சாம் லாய்டு 1000 டாலர் பரிசு அறிவித்தார். அவருடைய பணத்துக்கு ஆபத்தே இல்லை, ஏனென்றால் அது முடியாது என்று 1879இலேயே கணித இதழில் நிறுவப்பட்டிருந்தது. தட்டுக்குக் கறுப்பு வெள்ளை பூசுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் வெற்றிடம் நிறம் மாறுகிறது, ஆகவே அது பழைய மூலைக்குத் திரும்ப இரட்டைப்படை நகர்த்தல்கள் வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றிடமும் ஒரு கட்டையும் செய்துகொள்ளும் ஓர் இடமாற்றம். இரண்டு கட்டைகள் மட்டும் இடம் மாற ஒற்றைப்படை இடமாற்றங்கள் தேவை. இரட்டைப்படை எண்ணிக்கையால் ஒற்றைப்படை வேலையைச் செய்ய இயலாது.

மூணு கதவுல ஒண்ணைத் திறந்துட்டா மீதி ரெண்டு. பாதிக்குப் பாதிதானே?

அல்ல, இந்தக் கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் சண்டையே நடந்திருக்கிறது. மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் பரிசு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின், பரிசு எங்கே என்று அறிந்த நடத்துநர் மற்ற இரண்டில் பரிசில்லாத ஒன்றைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். முதல் தேர்வு சரியாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். மாற்றாதவர் அப்போது மட்டுமே வெல்கிறார். முதல் தேர்வு தவறாக இருக்கும்போதெல்லாம் மாற்றியவர் வெல்கிறார். அது மூன்றில் இரண்டு. 1990இல் அமெரிக்க இதழொன்றின் பத்தியில் மேரிலின் வாஸ் சவான்ட் இதைச் சொன்னபோது, கணிதம் படித்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் அவர் தவறென்று கடிதம் எழுதினார்கள்.

வாதத்தில் நம்பாதவர்களுக்கு மூன்று சிரட்டைகளும் ஒரு புளியங்கொட்டையும் கொடுத்து முப்பது முறை ஆடச் சொல்கிறோம். நடத்துநராக உட்காருபவருக்குத்தான் முதலில் விளங்குகிறது, ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்களில் எந்தச் சிரட்டையைத் திறப்பது என்று அவருக்கு வேறு வழியே இருப்பதில்லை. நடத்துநருக்கும் இடம் தெரியாமல் குருட்டாம்போக்கில் திறந்து அது வெறுமையாக அமைந்திருந்தால், அப்போது நீங்கள் சொன்ன பாதிக்குப் பாதி சரி.

சுடோகுவும் கணக்கா?

எண்கள் இருந்தாலும் அதில் கணக்கு இல்லை. 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்குப் பதிலாக ஒன்பது பூக்களின் பெயர்களைப் போட்டாலும் புதிர் மாறாது. ஒரே விடை வர வேண்டுமானால் தொடக்கத்தில் குறைந்தது 17 கட்டங்களாவது நிரப்பித் தரப்பட்டிருக்க வேண்டும் என்று 2012இல் கணினியால் தேடி உறுதிசெய்தார்கள். ஊகித்துப் போடலாமா என்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைப் பற்றி மேலே சொன்னதே பதில்: ஊகம் முரணில் முடிந்தால் அதை அடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள், பாதியில் விடாதீர்கள்.

1, 2, 4, 8, 16க்கு அடுத்தது 32ன்னு எழுதினேன். தப்புன்னுட்டாங்க. ஏன்?

வெறும் எண்வரிசையாகக் கொடுத்திருந்தால் உங்களைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஐந்து எண்களுக்குப் பின் எதை வேண்டுமானாலும் வரவைக்கும் விதியை அமைக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் "அடுத்த எண் என்ன?" வகையில் பெரும்பாலானவற்றை நான் புதிராகவே கொள்வதில்லை, ஏனென்றால் வேறு விடை இல்லை என்று காட்ட அவற்றில் வழியே இல்லை. ஆனால் இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. வட்டத்தின் விளிம்பில் சில புள்ளிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும் என்பது கேள்வியானால், 1 புள்ளிக்கு 1, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16, ஆனால் 6 புள்ளிகளுக்கு 31.

காரணத்தை இப்படிக் காணலாம். கோடே இல்லாதபோது 1 துண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. கோடுகள் உள்ளே வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு துண்டைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிகளை இணைக்க 15 கோடுகள். எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் ஒரு வெட்டுப்புள்ளி உண்டு, ஆறில் நான்கை எடுக்க 15 வழிகள். 1 + 15 + 15 = 31. நீங்கள் வரைந்து எண்ணியபோது 30 வந்திருந்தால், ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்திருப்பீர்கள். அப்போது மூன்று நீளக் கோடுகளும் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து, அங்கே வர வேண்டிய சிறு முக்கோணம் காணாமல் போய்விடும். ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்தி மறுபடி வரைந்தால் நடுவில் அது தெரியும்.